பிட்ஸ்பர்க் டவுன்டவுனை நடந்தே பார்க்கலாமா?

கேள்வி: மகள் பிட்ஸ்பர்க்கில் வேலை செய்கிறாள். அவள் ஆபீஸ் போன பிறகு, கார் இல்லாமல் நானும் வீட்டுக்காரரும் டவுன்டவுனைச் சுற்றிப் பார்க்க முடியுங்களா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாக முடியுங்க. இரண்டு ஆறுகளுக்கு நடுவில் அடங்கிய சின்ன முக்கோணம் அது. ஆனால் வழி தவறுவது சுலபம். சிக்ஸ்த் ஸ்ட்ரீட், சிக்ஸ்த் அவென்யூ என இரண்டுமே உண்டு, செவன்த்திலும் அப்படித்தான். ஒவ்வோர் ஆற்றுக்கும் இணையாகப் போட்ட தெருக்கள் லிபர்ட்டி அவென்யூவில் கோணலாக முட்டுகின்றன. அதனால் முகவரியில் எண்ணோடு ஸ்ட்ரீட்டா, அவென்யூவா என்பதையும் பாருங்கள்.

கால் வலித்தால் 'டி' ரயில் இருக்கிறது. ஃபர்ஸ்ட் அவென்யூ முதல் ஆற்றுக்கு அடியில் போய் அலெகெனி நிலையம் வரை டிக்கெட்டே வேண்டாம். தெற்கே ஆற்றைத் தாண்டினால் கட்டணம் உண்டு.

அலெகெனியும் மொனொங்கஹேலாவும் கூடி ஒஹையோ ஆறாகும் முனைப் பூங்காவில் தொடங்குங்கள். பிறகு 1883இல் திறந்த ஸ்மித்ஃபீல்ட் ஸ்ட்ரீட் பாலத்தில் நடந்து அக்கரை சேர்ந்தால், பழநி விஞ்ச் மாதிரி மலையேறும் மொனொங்கஹேலா இன்க்ளைன். 1870 முதல் ஓடுகிறது. மேலிருந்து தெரியும் காட்சிக்காகவே இந்த ஊருக்குப் போகலாம். பொழுது சாயும் நேரம் உத்தமம்.

மளிகை, மீன் கடைகள் நிறைந்த ஸ்ட்ரிப் டிஸ்ட்ரிக்ட்டுக்கு பென் அவென்யூவிலேயே வடகிழக்காக நடக்கலாம். சனிக்கிழமை கூட்டம் நெரியும். வார நாள் காலையில் போங்கள். ஓட்டல் பில்லில் 7 சதவீத வரி சேரும், டிப்ஸ் தனி. சாதாரண உடுப்புக்கு அங்கே விற்பனை வரி கிடையாது.