விஷுவல் லேர்னர்னு ரிப்போர்ட் வந்தா கோர்ஸையே மாத்தணுமா?

அம்மா, நீங்க அனுப்புன ரிப்போர்ட்ட பாத்தேன். பையன் விஷுவல் லேர்னராம், அதாவது கண்ணால பாத்துப் படிச்சாத்தான் அவனுக்கு நல்லா ஏறுமாம், அதனால சயின்ஸ் வேணாம் டிசைன் சேத்துவிடுங்கன்னு போட்டிருக்காங்க. அத மட்டும் நம்பி முடிவெடுக்காதீங்க. 2008-ல ஹெரால்ட் பாஷ்லரும் இன்னும் மூணு சைக்காலஜிஸ்ட்டும் இந்த லேர்னிங் ஸ்டைல் (ஒருத்தர் பாத்து கத்துக்குவார், ஒருத்தர் கேட்டு கத்துக்குவார்ங்கற கருத்து) ஆராய்ச்சியெல்லாம் அலசிட்டு, அவங்கவங்க ஸ்டைல்ல சொல்லிக்குடுத்தா நல்லா ஏறும்ங்கறதுக்கு சரியான ஆதாரமே இல்லன்னுட்டாங்க. படத்தோட படிச்சா நல்லா நிக்குறது உங்க பையனுக்கு மட்டும் இல்ல, பெரும்பாலும் எல்லாருக்குமே அப்படித்தான். சைக்காலஜிஸ்ட் ஆலன் பைவியோ 1971-லயே இதத்தான் சொன்னார், ஒரு விஷயம் வார்த்தையாவும் படமாவும் ரெண்டு விதமா பதிஞ்சா ஒன்னு மறந்தாலும் இன்னொன்ன வச்சு புடிச்சிரலாம்.

அதுக்காக எல்லாத்தையும் ஒன்னா கொட்டுனா ஏறிடாது. கல்வி சைக்காலஜிஸ்ட் ரிச்சர்ட் மேயரோட சோதனைகள்ல, படம் ஓடும்போது குரல்ல விளக்குனா நல்லா புரியுது, ஆனா குரல் சொல்றதையே வரிக்கு வரி ஸ்கிரீன்லயும் ஓடவிட்டா பல நேரம் கெடுத்துருது, ஏன்னா கண்ணு எழுத்த பாக்குமா படத்த பாக்குமா? பாஷை புதுசுன்னா மட்டும் சப்டைட்டில் இருக்கட்டும். பின்னாடி மியூசிக் ஓடுற வீடியோ வேணவே வேணாம்.

இப்ப பையன் இதயம் பாடத்துக்கு வீடியோ பாக்குறான்னு வைங்க. ரெண்டு நிமிஷத்துல பாஸ் பண்ணச் சொல்லுங்க, வெள்ளப் பேப்பர்ல நாலு அறைய வரைஞ்சு, வலது வென்ட்ரிக்கிள்ல (கீழறை) இருந்து ரத்தம் நுரையீரலுக்கு, அங்கருந்து இடது ஏட்ரியத்துக்குன்னு (மேலறை) அம்புக்குறி போட்டுக்கிட்டே வாய்விட்டு சொல்லட்டும். பேர அந்தந்த அறைக்குள்ளயே எழுதணும், 1, 2, 3 போட்டு கீழ லிஸ்ட் எழுதுனா கண்ணு மேலயும் கீழயும் ஓடியே டயர்டாயிரும். அடுத்து எங்க போகணும்னு தெரியாம அம்புக்குறி எங்க நிக்குதோ அந்த எடத்த மட்டும் திரும்ப ஓட்டிப் பாத்தா போதும். சும்மா நாலு தடவ முழுசா பாக்குறது எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு ஃபீலிங் குடுக்கும், அவ்ளோதான், எக்ஸாம் ஹால்ல கைகொடுக்காது.

டிசைன் விஷயம் தனி. யாரும் சொல்லாமலே உக்காந்து வரையுறானா, வீடியோ எடிட் பண்றானான்னு கவனிங்க. பண்றான்னா அதுல நாலஞ்ச எடுத்துக்கிட்டு அவனையும் கூட்டிட்டு வாங்க, பாத்துட்டு பேசுவோம்.