வாசகர் கேள்வி – பதில்: வாய்தா எங்கே பிறக்கிறது?

கேள்வி: பெற்றோரிடமிருந்து பிரித்துப் பராமரிப்பில் வைக்கப்படும் குழந்தைகளின் வழக்குகள் ஏன் இப்படி இழுத்துக்கொண்டே போகின்றன? நீதிபதிகளைக் கூட்டினால் சரியாகிவிடாதா?

பதில்: கூட்டினால் நல்லதுதான். ஆனால் இந்த வழக்குகளில் சமூகப் பணியாளராகக் காலம் தள்ளியவள் சொல்கிறேன், பாதி வாய்தா நீதிமன்றத் தாழ்வாரத்திலேயே முடிவாகிவிடும். பழைய பணியாளர் வேலையை விட்டுப் போயிருப்பார். முந்தின நாள் கோப்பை வாங்கிய புதியவர் கதவோரம் நின்று பக்கம் புரட்டிக்கொண்டிருப்பார். "அம்மா சிகிச்சைக்கு ஒழுங்காகப் போகிறாரா?" என்று நீதிபதி கேட்டால் விழிப்பார். சரி, அறிக்கையோடு அடுத்த மாதம் வாருங்கள்!

அமெரிக்காவின் மில்வாக்கியில் 2005-இல் வந்த ஓர் ஆய்வு இதைக் கணக்கெடுத்தது. ஒரே பணியாளரிடம் இருந்த குழந்தைகளில் முக்கால்வாசிப் பேருக்கு நிலையான வீடு அமைந்தது. பணியாளர் ஒரு தடவை மாறியவர்களில் அது 20 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. சிக்கலான வழக்கு நீளும், நீண்டால் ஆளும் மாறும். அதனால் முழுப் பழியையும் ஆள் மாற்றத்தின் தலையில் கட்ட முடியாது. பெரும்பழி அதற்குத்தான் என்பது என் கட்சி.

சட்டத்தில் கெடு இல்லாமலா? இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் 26 வாரத்துக்குள் முடிக்கச் சொல்கிறது. அண்மை ஆண்டுகளின் சராசரி அதைத் தாண்டித்தான் ஓடுகிறது. அறிக்கை எழுத ஆளில்லாத இடத்தில் கெடு என்ன செய்யும்?

ஒரு பணியாளருக்கு 12 முதல் 15 குழந்தைகள் என்பது அமெரிக்கக் குழந்தைகள் நல அமைப்பு ஒன்றின் பரிந்துரை. அதற்கு மேல் சுமத்தினால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதுதான் முதலில் அடிபடும். தட்டச்சுக்கும் வண்டி ஏற்பாட்டுக்கும் தனி ஆள் போடுங்கள். ஒரு குடும்பத்தின் வழக்கைக் கடைசிவரை ஒரே நீதிபதி பார்க்கட்டும். அடுத்த தேதியும், அன்றைக்கு யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்பதும் எல்லோரும் அறையில் இருக்கும்போதே முடிவாகட்டும்.

கேள்வி: குழந்தையையே நீதிமன்றத்துக்கு வரவழைப்பது கொடுமை இல்லையா?

பதில்: காலை முழுக்க பெஞ்சில் காக்க வைப்பதுதான் கொடுமை. தன்னைப் பற்றிய விசாரணையில் நேரிலோ பிரதிநிதி மூலமோ பேசும் உரிமையை 1989 ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு தருகிறது. நேரம் குறித்து வரச் சொல்லி, வந்ததும் முதலில் கூப்பிட்டால் போதும். ஒரு பையன் நீதிபதியிடம் கேட்டது ஒன்றே ஒன்று: தங்கச்சியை எந்தக் கிழமை பார்க்கலாம்? அத்தனை தடிமனான கோப்பில் அதற்குப் பதில் இல்லை. அன்றைய உத்தரவில் கிழமையைப் போட்டுத்தான் கையெழுத்திட்டார்.