காரில் ஸ்டீரியோ அடிக்கடி அணைந்துவிடுகிறது, கடையில் புது செட் மாட்டச் சொல்கிறார்கள். கோளாறை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். "செட் போச்சு சார்" என்று என்னிடமும் சொன்னார்கள். புதுசுக்கு ஒன்பதாயிரம் கேட்டார்கள்.

எங்கள் கார் அப்பா வாங்கியது. மதுரையிலிருந்து எங்கே கிளம்பினாலும் அவருக்குக் கொடைக்கானல் பண்பலை 100.5 ஓட வேண்டும். அவர் போன பிறகு அந்த செட்டைக் கழற்றி எறிய எனக்கு மனம் வரவில்லை.

ஆன் செய்தால் கொஞ்ச நேரம் பாடும். வேகத்தடை ஏறினால் திரையில் 'புரொடெக்ட்' என்று வந்து அணைந்துவிடும். கடைக்காரர் செட்டைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் என் வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு செட்டை வெளியே இழுத்தேன். ஸ்பீக்கர் ஒயர்கள் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி கரண்ட் கொடுத்தால், அரை மணி நேரம் அணையவே இல்லை. அப்படியானால் செட் நன்றாக இருக்கிறது! ஒவ்வொரு ஜோடியாகச் சேர்த்துக் கதவுகளை ஆட்டிப் பார்த்தேன். பச்சை ஜோடியில், அதாவது பின்பக்க இடது ஸ்பீக்கரில், மாட்டியது. ஸ்பீக்கரை மட்டும் மல்டிமீட்டரில் அளந்தால் 3.6 ஓம், சரியான அளவு. கதவுக்கும் தூணுக்கும் நடுவே ஒயர் போகும் ரப்பர் குழாய் கழன்றிருந்தது. கதவைத் திறந்து மூடி, ஒயரின் மேல்தோல் தேய்ந்து, உள்ளே இருந்த செம்பு காரின் இரும்பு பாடியில் உரசிக்கொண்டிருந்தது. இந்த செட்களில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரிலுமே வோல்டேஜ் உண்டு. எது பாடியில் பட்டாலும் செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். புது ஒயர்த் துண்டு வைத்து சால்டர் செய்து ஸ்லீவ் போட்டேன். அறுபது ரூபாய்.

உங்களுடையதில் விளக்கே எரியவில்லை என்றால் வழி வேறு. செட்டின் பின்னால் இருக்கும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸை முதலில் பாருங்கள். மஞ்சள் ஒயரில் சாவி இல்லாமலே 12 வோல்ட் வர வேண்டும், சிவப்பில் சாவி திருப்பினால் மட்டும். இந்த நிறங்கள் வெளியில் வாங்கி மாட்டும் செட்களுக்கு. கம்பெனி செட்டுக்கு மாறும் என்று யாராவது சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். சில கம்பெனி செட்கள் பேட்டரி கழற்றினால் ரகசிய எண் (code) கேட்கும், அதை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஏர்பேக் உள்ள காரில் மஞ்சள் கப்ளர்களை, அதாவது ஏர்பேக் ஒயர்களின் இணைப்புகளை, தொடவே வேண்டாம். அது மெக்கானிக் வேலைதான், மறுக்கவில்லை.

இதைச் செய்தது எங்கள் அடுக்குமாடியின் பார்க்கிங்கில். சொந்த இடத்தில் சொந்தக் காரின் கதவைத் திறந்து வைத்ததற்கு, "இங்கே ரிப்பேர் வேலை கூடாது" என்று சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. எண்ணெய் சிந்தவில்லை, சத்தமில்லை. மாதாமாதம் பராமரிப்புப் பணம் கட்டுகிறவன் ஒரு ஸ்குரூ கழற்றக் கூடாதா? இரவு ஒரு மணிக்கு ஹாரன் அடிப்பவர்களுக்கு இதுவரை ஒரு நோட்டீஸும் போகவில்லை.

விளக்கே எரியவில்லையா, எரிந்து அணைகிறதா என்று கருத்தில் எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.