கூண்டைக் கழுவக் கழுவ வாடை கூடுவது ஏன்?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பத்து மாத வயதில் இரண்டு ஆண் எலிகள், அண்ணனும் தம்பியும். பழைய லவ்பேர்ட்ஸ் கூண்டில், ஹாலிலேயே வளர்கின்றன. கீழே விரிப்பது பக்கத்துத் தச்சுப் பட்டறையில் அள்ளி வரும் மரத்தூள். தினமும் காலையில் தூளை முழுசாகக் கொட்டிவிட்டு, பினாயில் ஊற்றிக் கழுவுகிறார். சாயங்காலத்துக்குள் பழையபடி நெடி வந்துவிடுகிறதாம். மாமியார் தன் பங்குக்குக் கூண்டின் அடியில் அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறார். "இதுக்கு மேல என்னதான் செய்றது?" என்பது கேள்வி.

முதலில் அந்த அந்துருண்டையை எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. அதன் ஆவி எலிக்கும் ஆகாது, ஹாலில் உட்காரும் உங்களுக்கும் ஆகாது. கம்பி வழியாக இழுத்துக் கடித்துவிட்டால் விஷம். சாம்பிராணி, ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே எல்லாம் வாடையை மறைக்குமே தவிர போக்காது. எலியின் மூச்சுக்குழாய்க்கு அவை கூடுதல் தொல்லை.

மற்றபடி நீங்கள் இன்னும் அதிகமாகச் செய்ய ஒன்றுமில்லை. குறைத்துச் செய்ய வேண்டும்.

எலியின் மூத்திரத்துக்கு வந்த உடனே அவ்வளவு நெடி கிடையாது. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியாவாக்கும்போதுதான் மூக்கில் ஏறுகிறது. பஸ் ஸ்டாண்டு கழிப்பறையைத் தாண்டும்போது கண்ணைக் கரிக்குமே, அதே சாமான். ஈரமும் சூடும் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். மதுரை வெயிலில் கேட்கவே வேண்டாம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. எலிக்கு மூத்திரம் வெறும் கழிவு இல்லை, கையெழுத்து. நடக்கிற வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக விட்டு 'இது நம்ம இடம்' என்று எழுதிக்கொண்டே போகும். ஆண் எலிகள் இதில் ரொம்ப மும்முரம். காலையில் நீங்கள் அத்தனையையும் துடைத்து, மேலே பினாயில் வாசத்தையும் ஏற்றிவிட்டால், அண்ணனும் தம்பியும் அந்நியர் வீட்டில் விட்டது போல முழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பிக்கின்றன. நீங்கள் கழுவக் கழுவ அவை எழுதும்.

ஆகவே முழுச் சுத்தம் வாரத்துக்கு ஒருமுறை போதும். அப்போதும் விரிப்பில் மூன்றில் இரண்டு பங்கை மாற்றிவிட்டு, அவை தூங்கும் மூலையிலிருந்து நனையாத பழைய விரிப்பு ஒரு கைப்பிடியைப் புதிதோடு கலந்துவிடுங்கள். தினமும் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலைதான்: நனைந்த இடத்தை மட்டும் அள்ளுவது, தட்டுகளை ஈரத்துணியால் துடைப்பது. கூண்டில் துணித் தூளி கட்டியிருந்தால் அதை மூன்று நாளுக்கு ஒருமுறை துவைத்து வெயிலில் போடுங்கள். பலர் கூண்டைப் பளபளவென்று வைத்துவிட்டுத் தூளியை மறந்துவிடுவார்கள். வாடை அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

எலிகள் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் புழுக்கை போடும். எந்த மூலை என்று இரண்டு நாள் பாருங்கள். அங்கே ஒரு சின்ன ட்ரே, அதில் வேறு வகை விரிப்பு, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டையான ஆற்றுக்கல். சில புழுக்கைகளைப் பொறுக்கி ட்ரேயில் போட்டு வையுங்கள், புரிந்துகொள்ளும். கல் எதற்கு என்றால், புதிதாக ஒரு பொருள் துருத்திக்கொண்டு நின்றால் அதன்மேல் ஏறி மூத்திரம் போவது எலியின் குணம். முழுசாக அல்ல, ஓரளவு கல்லுக்கு வந்துவிடும். கல்லைக் கழுவி வைத்தால் ஆயிற்று.

சரி, மரத்தூள். பட்டறைத் தூளில் எந்த மரம், எந்தப் பிளைவுட் பசை என்று யாருக்கும் தெரியாது. பொடியாக இருப்பதால் நேரே மூக்கில் ஏறும். தேவதாரு, பைன் வகைச் சீவல்களில் நமக்கு நன்றாக இருக்கும் அந்த வாசனையே எலியின் மூச்சுக்கும் கல்லீரலுக்கும் சுமை. காகிதத்தில் செய்த உருண்டை விரிப்போ ஆஸ்பென் மரச்சீவலோ கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் அச்சு இல்லாத அட்டைப்பெட்டிகளைக் கீற்றாகக் கிழித்துப் போடுங்கள், உறிஞ்சும் திறன் கொஞ்சம் குறைவு என்பதால் அடிக்கடி பார்க்க வேண்டும். எதுவானாலும் இரண்டு அங்குல கனத்துக்குக் குறையாமல் போடுங்கள்.

கழுவுவதற்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. தட்டுகளில் மூத்திரம் காய்ந்து சுண்ணாம்பு போலப் படிந்திருக்கும். அதன்மேல் தெளித்துப் பத்து நிமிடம் விட்டால் விரலாலேயே வழித்துவிடலாம். பிறகு வெந்நீர். ப்ளீச்சிங் பவுடரை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள். மூத்திரத்தில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் வாயு வரும், வினிகரோடு சேர்ந்தால் குளோரின். பூட்டிய பாத்ரூமில் இதைச் செய்தால் முதலில் மயங்குவது நீங்களாக இருக்கும்.

லவ்பேர்ட்ஸ் கூண்டு இரண்டு வளர்ந்த ஆண் எலிகளுக்குக் குறுகல். அதே அளவு மூத்திரம் சின்ன இடத்தில் விழுந்தால் வாடை கூடத்தான் செய்யும். இரண்டரை அடி நீளமாவது உள்ள கம்பிக் கூண்டுக்கு மாறுங்கள். காற்று ஓடாத கண்ணாடித் தொட்டி வேண்டவே வேண்டாம். சாப்பாட்டில் நாய்க்கான உருண்டை, கருவாடு என்று தாராளமாகக் கொடுக்கிறீர்களா? வளர்ந்த எலிக்கு 14 முதல் 16 சதவீதம் புரதம் போதும். மிஞ்சும் நைட்ரஜன் யூரியாவாக விரிப்பில்தான் வந்து சேரும். எலி பதுக்கும் பிராணி, கூண்டில் அவை தூங்கும் மூலையைக் கிளறிப் பாருங்கள், மூன்று நாள் பழைய வெள்ளரித்துண்டு அகப்படலாம்.

வாடையை நீங்கள் சகித்துக்கொண்டாலும் எலிகள் பாவம். அவற்றில் பெரும்பாலானவை மைக்கோபிளாஸ்மா கிருமியை மூச்சுப்பாதையில் சுமந்துகொண்டுதான் வாழ்கின்றன. காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு அம்மோனியா இருந்தாலே அந்த நோய் மோசமாகிறது என்று 1976-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. நம் மூக்கு பழகிவிடும், அதை நம்ப முடியாது. காலையில் வெளியே போய்விட்டு வந்ததும், விரிப்புக்கு ஒரு சாண் உயரத்தில் முகத்தை வைத்து முகர்ந்து பாருங்கள். அங்கேதான் அவை மூச்சு விடுகின்றன.

உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள்: எலி என்றாலே நாறும் என்ற பேருக்கு மூஞ்சூறுதான் காரணம். அது எலியே இல்லை, விலாவில் வாசனைச் சுரப்பி உள்ள வேறு பிராணி. ஆண் எலியின் முதுகில் ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுப்பு தெரிந்தால் அது தோல் எண்ணெய், நோய் இல்லை. குளிப்பாட்ட வேண்டாம், தானே நக்கிக்கொள்ளும்.

இத்தனையும் செய்து பதினைந்து நாளில் வாடை அடங்காமல், ஒரு எலியிடமிருந்து மட்டும் அழுகல் நாற்றம் வந்தாலோ, மூச்சில் கிர்கிர் சத்தம் கேட்டாலோ, கண், மூக்கைச் சுற்றிச் சிவப்பாகக் காய்ந்திருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் எடுத்துப் போங்கள், பிரித்தால் பதறும்.