டெனிஸில் இரட்டையர் மட்டும் ஆடிப் பிழைக்க முடியுமா?

கல்முனையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகனுக்கு 16 வயது, ஒற்றையரில் தோற்றுக்கொண்டே இருக்கிறான், இரட்டையரில் வெல்கிறான், இனி அதுதான் தன் ஆட்டம் என்கிறான், "ஒற்றையரில் முடியாதவர்கள்தானே அங்கே ஒதுங்குகிறார்கள், அதை நம்பி விடலாமா" என்று. அந்த "ஒதுங்குகிறார்கள்" என்ற சொல்லுக்காகத்தான் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் அவனிடமும் இதே சொல்லைச் சொல்லியிருப்பீர்கள். சொல்லியிருந்தால் தயவு செய்து திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம், ஏனென்றால் தகப்பனாக நீங்கள் கேட்பது அதைத்தான். 2024 அவுஸ்திரேலிய ஓபனில் ஆண்கள் ஒற்றையர் சம்பியனுக்குக் கொடுத்தது 31 இலட்சத்து 50 ஆயிரம் அவுஸ்திரேலிய டொலர். இரட்டையரில் வென்ற சோடிக்கு 7 இலட்சத்து 30 ஆயிரம், அதையும் இருவர் பிரிக்க வேண்டும். அது உச்சியில் நடப்பது. அடிமட்டத்தில் உள்ள, மொத்தப் பரிசே 15,000 அமெரிக்க டொலரான போட்டிகளில் அந்த முழுத்தொகையும் ஒற்றையர், இரட்டையர் எல்லாருக்குமாகப் பங்கிடப்படுகிறது, இரட்டையர்காரன் கைக்கு வருவது விமானச் சீட்டுக்கே காணாது. இன்னொரு அநியாயமும் இருக்கிறது. ஒற்றையரில் நல்ல தரவரிசை உள்ளவர் அந்தத் தரவரிசையைக் காட்டியே இரட்டையர் போட்டிக்குள் வந்துவிடலாம், வருடம் முழுக்க இரட்டையரையே ஆடுகிறவன் அதனால் வெளியே நிற்கலாம். ஆகவே சுலபம் என்று நான் சொல்ல வரவில்லை. கஷ்டமான தொழில். ஆனால் தனித்தொழில்.

இந்தியாவின் இரட்டையர் ஆட்டக்காரர் ரொகான் போபண்ணாவை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து போனவர், 2021 இல் தோல்விக்கு மேல் தோல்வி வந்தபோது விட்டுவிடலாமா என்று யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். யோகா செய்து காலைத் திருத்திக்கொண்டு, 2024 ஜனவரியில் மத்தியூ எப்டனோடு சேர்ந்து அவுஸ்திரேலிய ஓபனை வென்று உலகின் முதலாம் இடத்துக்குப் போனபோது வயது 43. அவர் ஒதுங்கி வந்தவரா? 2025 இல் அமெரிக்க ஓபன்காரர்கள் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் கலப்பு இரட்டையரை 16 சோடிகளாகச் சுருக்கி ஒற்றையர் நட்சத்திரங்களைக் கொண்டு நிரப்பினார்கள். கடைசியில் வென்றது யார்? முந்திய வருடமும் அதே பட்டத்தை வென்ற இத்தாலிய இரட்டையர்ச் சோடி எரானியும் வவசோரியும்தான், இறுதியில் ஒற்றையர் நட்சத்திரங்களான ஸ்வியாடெக்கும் ரூடும் தோற்றார்கள். எரானி 2012 இல் பிரெஞ்சு ஓபன் ஒற்றையர் இறுதிவரை போனவர்தானே என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். நான் சொல்வது இன்றைக்கு அவர் பிழைக்கும் ஆட்டத்தை.

சரி, என் கதை. மட்டக்களப்பில் யார் டெனிஸ் ஆடினார்கள், அது பணக்காரர் விளையாட்டு என்று சொல்லாதீர்கள். எங்களிடம் இருந்தது வெள்ளைக்காரன் காலத்து உத்தியோகத்தர் கழகம் ஒன்றின் வெடித்த சீமெந்துக் கோர்ட், அடுத்தவர் தந்த இரண்டு ரக்கெட், மயிர் உதிர்ந்த பந்துகள். நான் வலக்கை, உயரம், சேர்வ் பலம். என் மச்சான், அம்மாவின் தம்பி மகன், இடக்கை, என் தோளுக்குத்தான் வருவான். ஒற்றையரில் அவனை யாரும் வெல்லலாம், பின்னுக்கு நின்று அடிக்கவே தெரியாது. வலைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பந்து அவனைத் தாண்டாது.

நான் சேர்வ் போடும்போது அவன் வலையருகே குனிந்து நின்று ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துச் சைகை காட்டுவான். மூடிய கை என்றால் அந்த இடத்திலேயே நிற்பான், விரித்த கை என்றால் குறுக்கே பாய்வான், ஒரு விரல் என்றால் எதிராளியின் உடம்புக்கு நேரே போடு. நாவலடியில் வள்ளங்களுக்கு ஃபைபர் பூசும் வேலை அவனுக்கு, நகத்தைச் சுற்றி ரெசின் காய்ந்து வெள்ளையாகப் பிடித்திருக்கும். முப்பது அடி தூரத்தில் நான் பார்த்தது அந்த வெள்ளைப் புள்ளிகளைத்தான். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் கை தெரிகிறது. என் சேர்வ் நல்லது என்று ஊரில் சொன்னார்கள். பாதிப் புள்ளிகள் அவன் கை சொன்ன இடத்துக்கு நான் போட்டதால் வந்தவை, அதை அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை.

2009 இல் ஒரு போட்டியில் நாங்கள் இரட்டையர் சம்பியன். கொழும்புக்கு அனுப்பத் தெரிவு வந்தது. என்னை எடுத்தார்கள், அவனை எடுக்கவில்லை. ஒற்றையரில் முதல் சுற்றிலேயே போனவன், இவனை என்னத்துக்கு என்று ஒருவர் என் முன்னாலேயே சொன்னார். சோடியாக வென்றவர்களைச் சோடியாக அனுப்ப வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

இதில் இன்னொன்று. தெரிவுக் கடிதம் தனிச் சிங்களத்தில் வந்தது. பொலன்னறுவையில் வேலை செய்த ஒரு ஐயாவைத் தேடிப் பிடித்து வாசிப்பித்தபோது ஒன்பதாம் நாள், ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் எழுதித் தரலாம் என்று அதில் இருந்ததாம். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி என்று எழுதிவிட்டார்கள். எழுதி இத்தனை வருடமாகியும் போன மாதம் என் கையில் தந்த தண்டத் துண்டில் ஒரு தமிழ் எழுத்து இல்லை. என்ன குற்றம் என்று தெரியாமல்தான் காசு கட்டினேன். இதற்கும் டெனிஸுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது, அந்த ஏழு நாள் கிடைத்திருந்தால் நான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

போகமாட்டேன் என்றுதான் சொன்னேன். மச்சான்தான் "போடா மச்சான், நமக்குள்ள ஒருத்தனாவது போகணும். மறுகா பார்ப்பம்" என்று இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டான். கொழும்பில் எனக்குச் சோடியாகத் தந்தவன் ஒற்றையரில் கெட்டிக்காரன், வலக்கை. வலப்பக்கம் தனக்கு வேண்டும் என்றான், நான் இடப்பக்கம் போனேன். மச்சானோடு ஆடியபோது நான் வலப்பக்கம், அவன் இடப்பக்கம், இருவருக்கும் முன்கை வெளிக்கோட்டுப் பக்கம், அகலமாக வரும் எதையும் அடிக்கலாம். அமெரிக்காவின் பிரையன் சகோதரர்கள், ஒரே சூலில் பிறந்தவர்கள், சோடியாகப் பதினாறு கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்றதும் ஒருவர் வலக்கை, ஒருவர் இடக்கையாக நின்றுதான். இப்போது அகலமான சேர்வ் எல்லாம் என் பின்கைக்கு வந்தது. அதைவிடக் கேவலம் நடுவால் வந்த பந்துகள். கோர்ட்டின் அகலம் ஒற்றையருக்கு 27 அடி, இரட்டையருக்கு 36 அடி, அந்தக் கூடுதல் ஒன்பது அடியைப் பயந்து இருவரும் ஓரத்துக்குப் போக, நடுவில் ஒரு வண்டி போகலாம் போல் இடம். நான் அவனைப் பார்க்க, அவன் என்னைப் பார்க்க, பந்து போய்விடும். முதுகுக்குப் பின்னால் கையும் இல்லை. 6-2, 6-1.

விடியக்காலை மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் சைக்கிளோடு நின்றான். எத்தனைக்குத் தோற்றாய் என்று கேட்கவில்லை. "எந்தப் பக்கம் நிண்டநீ?" என்று கேட்டான். இடப்பக்கம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு என் பையை வாங்கி கரியரில் வைத்தான். அதற்குப் பிறகு அவன் ஒரு போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. இப்போது கட்டாரில் இருக்கிறான். போபண்ணா வென்ற அன்று "43 வயசுகா" என்று மட்டும் குரல் செய்தி அனுப்பினான்.

நான் பயிற்சியாளர் இல்லை, என் ஒருவன் அனுபவத்தை வைத்து உங்கள் மகனின் வாழ்க்கையைத் தீர்மானிக்காதீர்கள். படிப்பை விடச் சொல்லவும் இல்லை. ஆனால் கேள்வியில் மகனின் வயதை எழுதினீர்கள், ஒற்றையர்த் தோல்விகளை எழுதினீர்கள், செலவுக் கணக்கை எழுதினீர்கள். அவன் யாரோடு ஆடி வெல்கிறான் என்று ஒரு சொல் இல்லை. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கும் ஒருக்கால் போய்ப் பேசிவிட்டு வந்து எழுதுங்கள், மறுகா பேசுவம்.