அந்தக் கூண்டைத் தினமும் சுத்தம் செய்தவர் யார்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. வடசென்னையில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குகிறது. முதலில் காசநோய் என்று ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள், குறையவில்லை. இப்போது சி.டி. ஸ்கேன் பார்த்துவிட்டு, ‘இன்டர்ஸ்டீஷியல் லங் டிசீஸ்’, நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது, காரணத்தைத் தேட வேண்டும் என்கிறார் மருத்துவர். வீட்டில் வளர்ப்புப் பிராணிகள் உண்டா என்று கேட்டார். நாய், பூனை எதுவும் கிடையாது என்று சொன்னோம். விடியற்காலையில் எழுந்து வாசல் தெளித்து, மாடியில் அண்ணனின் புறாக்கூண்டைச் சுத்தம் செய்து, எட்டு மணிக்குள் எல்லோருக்கும் சமைத்து வைத்தவர், இன்று பாதி வேலையில் உட்கார்ந்துவிடுகிறார். தை மாதம் என் வீட்டில் மூன்று வாரம் இருந்தபோது இருமல் நன்றாகக் குறைந்தது. எங்கள் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது போலும். அம்மா இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார்? ஆக்ஸிஜன் இயந்திரம் வாங்கினால் அதற்கே பழகிவிடுவாரா?
— ஒரு மகள், திருநெல்வேலி

பதில்: சகோதரி, எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. நோய் எந்த வகை என்றே முடிவாகாத நிலையில் எந்த மருத்துவரும் அதற்கு எண் சொல்ல மாட்டார். அதைவிட முக்கியமான ஒன்றை உங்கள் கடிதத்தின் நடுவில், அம்மாவின் சுறுசுறுப்புக்குச் சான்றாக, நீங்களே எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். மாடியில் புறாக்கூண்டு இருக்கிறது. அதை நாள்தோறும் சுத்தம் செய்தவர் உங்கள் அம்மா. மருத்துவர் பிராணிகள் உண்டா என்று கேட்டபோது நீங்கள் சொன்ன பதில் “நாய், பூனை கிடையாது”.

அந்த மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறார். நீங்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. உங்கள் வீட்டில் புறா என்பது அண்ணனின் விஷயம், கூண்டு கழுவுவது அம்மாவின் வழக்கமான வேலைகளில் ஒன்று. அம்மா செய்யும் வேலையை யாருமே வேலையாகக் கணக்கில் வைக்காததால்தான் அது மருத்துவரின் மேசைவரை போய்ச் சேரவில்லை. இப்படிப்பட்ட கடிதங்களைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். வீட்டுப் பெண்களின் நோய்க்குக் காரணம் பல நேரம் அவர்கள் அன்றாடம் செய்யும் வேலைக்குள்ளேயே இருக்கும். அந்த வேலையைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டார்கள்.

புறாவின் உடம்பிலிருந்து மாவு போன்ற மெல்லிய வெள்ளைத் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். புறாக்கள் குளித்த தொட்டியைப் பார்த்திருந்தால் தெரியும், தண்ணீரின் மேல் ஏடு படிந்ததுபோல் வெள்ளையாக மிதக்கும். அந்தத் தூளிலும் காய்ந்த எச்சத்திலும் உள்ள புரதங்கள், கூண்டின் தரையைத் தகட்டால் சுரண்டிப் பெருக்கும்போது தூசியோடு தூசியாக எழும்பி, நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள் வரை இறங்குகின்றன. எல்லோருக்கும் இது நோயாவதில்லை. சிலருடைய உடம்பு மட்டும் அந்தப் புரதத்தை எதிரியாகப் பாவித்து, ஒவ்வொரு நாளும் அதனோடு சண்டையிடுகிறது. காற்றுப்பைக்கும் இரத்தக்குழாய்க்கும் நடுவிலுள்ள மெல்லிய சுவர் வீங்கி, நாளடைவில் தழும்பேறித் தடித்துவிடுகிறது. ஆக்ஸிஜன் அந்தச் சுவரைக் கடந்து இரத்தத்தில் கலக்கத் திணறுகிறது. இதற்கு ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நியூமோனைட்டிஸ் என்று பெயர். புறா வளர்ப்பவர்களுக்கு வரும் நுரையீரல் நோய் என்று தனிப் பெயரிட்டே 1965-இல் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள்.

‘இன்டர்ஸ்டீஷியல் லங் டிசீஸ்’ என்பது ஒரே நோயின் பெயரல்ல. இருநூறுக்கும் மேற்பட்ட நோய்களுக்கான குடும்பப் பெயர். முடக்குவாதம் போன்ற நோய்களால் வரலாம், சில மருந்துகளால் வரலாம், கல்தூசியால் வரலாம், காரணமே தெரியாமலும் வரலாம். இந்தியாவில் 19 நகரங்களைச் சேர்ந்த 1,084 நோயாளிகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான பதிவேட்டில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு, 47.3 சதவீதத்தினருக்கு, இருந்தது நான் மேலே சொன்ன ஒவ்வாமை வகைதான். (அவர்களில் பாதிப் பேர் ஏர்கூலர் பயன்படுத்தியவர்கள். உங்கள் அண்ணன் வீட்டில் அது இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.) வகை தெரியாமல் வைத்தியம் செய்வது ஆபத்தும்கூட. ஒரு வகையில் உயிர் காக்கும் ஸ்டீராய்டும், உடம்பின் எதிர்ப்பாற்றலை அடக்கும் அசத்தியோபிரின் மருந்தும், காரணம் தெரியாமல் தழும்பேறும் வகையினருக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்டபோது மரணங்கள் கூடின என்பது 2012-இல் ஒரு பெரிய ஆய்வில் தெரியவந்தது. அம்மாவுக்கு இதுதான் நோய் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் முக்கியமான சாட்சியை மறைத்துவிட்டு அவரிடம் தீர்ப்புக் கேட்கிறீர்கள்.

இன்னொரு சாட்சியையும் ஊர்த் தண்ணீரின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். தை மாதம் மூன்று வாரம் அம்மா கூண்டுப் பக்கம் போகவில்லை, இருமல் குறைந்தது. ஊர் மாறியதும் குறைவதும், வீடு திரும்பியதும் கூடுவதும் மருத்துவருக்கு எவ்வளவு பெரிய தடயம்! உடனே தொலைபேசியில் அழைத்து இந்த இரண்டையும் சொல்லுங்கள். பறவைப் புரதத்துக்கு எதிரான இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா, சி.டி. படத்தை இந்தக் கோணத்தில் மறுபடியும் பார்க்க வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும். அந்த இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அதனாலேயே புறா குற்றமற்றதாகிவிடாது.

அடுத்து உங்கள் அண்ணன். அவரைப் பற்றி வேறு எதுவும் நீங்கள் எழுதவில்லை. இதைச் சொன்னால் மனம் நோவாரே என்று நீங்கள் இப்போது தயங்குவீர்கள் என்பதை அறிவேன். வடசென்னையில் புறா வளர்ப்பது வெறும் பொழுதுபோக்கல்ல, அது ஒரு பெருமை, ஒரு நட்பு வட்டம்; பந்தயப் புறாவைக் குஞ்சிலிருந்து பழக்கியவருக்கு அதைக் கொடுத்துவிடு என்று கேட்பது வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் சொல்கிறேன். பெற்றவளின் மூச்சைவிடப் பெரிய பந்தயம் ஒரு மகனுக்கு இல்லை. தான் ஆசையாக வளர்க்கும் பறவையின் எச்சத்தை 61 வயதுத் தாய் அள்ளிக்கொண்டிருந்ததை அவர் அனுமதித்ததே தவறு. நோய் வராமல் இருந்திருந்தாலும் அது தவறுதான். நீங்கள் மகளாக எட்ட நின்று அழுவதும் எனக்குச் சம்மதமில்லை. நேரில் போய் உட்கார்ந்து சொல்லுங்கள்.

இனிமேல் கூண்டை நான் கழுவிக்கொள்கிறேன், அம்மாவுக்கு முகக்கவசம் வாங்கித் தருகிறேன் என்று அண்ணன் சமாதானம் பேசுவார். ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தத் தூள் அவருடைய சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கிவரும். பறவைகள் வேறு இடத்துக்குப் போக வேண்டும். ஹோமர் எனப்படும் பந்தயப் புறாவை இன்னொருவருக்குக் கொடுத்தால் அது திறந்துவிட்டதும் பழைய மாடிக்கே பறந்து வந்து உட்காரும் என்பது அண்ணனுக்கே தெரியும். ஆகவே அடைத்து வைத்து இனப்பெருக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள், கூண்டையும் பிரித்துவிடச் சொல்லுங்கள். பிரிக்கும்போது அம்மா அந்த வீட்டில் இருக்கக் கூடாது. காய்ந்த எச்சத்தைப் பெருக்காமல் தண்ணீர் தெளித்து நனைத்து அள்ள வேண்டும். பறவை போன பிறகும் அந்தப் புரதம் மாதக்கணக்கில் வீட்டுத் தூசியில் தங்கும் என்பதால், திரைச்சீலை, பாய், தலையணை உறை எல்லாவற்றையும் துவைக்க வேண்டும். இறகுத் தலையணை இருந்தால் அதையும் அகற்றுங்கள். அதுவரை அம்மா உங்களோடு இருக்கட்டும். அதற்காக அவரை நிரந்தரமாகத் திருநெல்வேலிக்கு மாற்றிவிட்டுப் புறாக்களை அங்கேயே விட்டுவைக்கும் யோசனை யாருக்காவது தோன்றினால், அது அந்தத் தாய்க்குச் செய்யும் அநியாயம். அது அவருடைய வீடு.

விழுந்த தழும்பு மறையாது. புறாக்கள் போய்விட்டால் அம்மா பழையபடி விடியற்காலையில் எழுந்து ஓடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். வீக்கமாக இருக்கும் பகுதி மருந்தில் அடங்கலாம். தழும்பு தொடர்ந்து பரவினால், அதன் வேகத்தைக் குறைக்க நின்டெடனிப் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அதற்கு வயிற்றுப்போக்கு வரும், கல்லீரலைப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டீராய்டு கொடுத்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஃபுளூவுக்கும், நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கும் தடுப்பூசி போடுவது பற்றிக் கேளுங்கள். இந்த நுரையீரலால் ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சலைக்கூடத் தாங்க முடியாமல் போகலாம்.

ஆக்ஸிஜனுக்கு யாரும் அடிமையாவதில்லை. தேவைப்படும் உடம்புக்கு அது மருந்து. உட்கார்ந்திருக்கும்போது ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவியை விரலில் மாட்டிப் பார்த்து 96 சதவீதம் என்று இருந்தால் நிம்மதியடைந்துவிடாதீர்கள். இந்த நோயில் நடக்கும்போதுதான் அளவு இறங்கும். ஆறு நிமிட நடைப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள், செய்யவில்லையென்றால் செய்யச் சொல்லுங்கள். 88-க்கு அருகில் இறங்குகிறது என்றால் இயந்திரம் தேவையா என்பதை மருத்துவர் சொல்வார். வாங்கினால் அடுப்பிலிருந்தும் சாமி விளக்கிலிருந்தும் விலக்கி வையுங்கள்.

இந்தப் பதிலை அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள். கூண்டு பிரித்து ஆறு வாரம் கழித்து, அம்மா மாடிப்படி ஏறி இறங்கியதும் விரலில் எவ்வளவு காட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.