மூழ்கும் பிள்ளை கத்தாது

கேள்வி: லீவுக்கு அண்ணன் பிள்ளைகளும் வந்து, கடலூரில் எங்கள் வீட்டில் இப்போது நாலு வாண்டுகள். 6 வயதிலிருந்து 11 வரை. சில்வர் பீச்சுக்கும், மாமனார் ஊர்த் தடுப்பணைக்கும் போகணும் என்று ஒரே அடம். "நாமதான் கரையில இருப்போமே, ஏதாவதுன்னா கத்துவாங்க, ஓடிப்போய்த் தூக்கிடலாம்" என்கிறார் என் கணவர். அது போதுமா?

பதில்: போதாதுங்க. கத்துவார்கள் என்று காத்திருப்பதில்தான் பல பிள்ளைகள் போகின்றன.

மூழ்கும்போது வாய் தண்ணீருக்கு உள்ளே போய்ப் போய் வெளியே வரும். அந்த நொடியில் மூச்சை இழுக்கத்தான் நேரம் இருக்கும். குரல் கொடுக்க இருக்காது. கையை உயர்த்தி ஆட்டவும் முடியாது. இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அமுக்கிக்கொண்டிருக்கும். யோசித்துச் செய்வதல்ல, உடம்பு தானாகச் செய்வது. நியூயார்க் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிரான்செஸ்கோ பியா இதைப் படம்பிடித்தே காட்டினார். இப்படி மேலே தாக்குப்பிடிப்பது 20 முதல் 60 விநாடி என்பது அவர் கணக்கு.

கரையிலிருந்து பார்த்தால் பிள்ளை சும்மா வானத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். தலை பின்னால் சாய்ந்து, திறந்த வாய் தண்ணீர் மட்டத்தில் நிற்கும். முடி கண்ணில் விழுந்தாலும் ஒதுக்காது. உடம்பு நெட்டுக்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வந்தால் சரி. வராவிட்டால் விளையாடுகிறான் என்று நினைக்காமல் உடனே போய்விடுங்கள். இவ்வளவு நேரம் கூத்தடித்த பிள்ளை திடீரென்று அடங்கினாலும் அப்படித்தான்.

கரையில் ஐந்து பெரியவர்கள் இருந்தால் அடுத்தவர் பார்க்கிறார் என்று ஐந்து பேரும் நினைத்துக்கொள்வார்கள். கால் மணிக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். அவர் கையில் போன் இருக்கக்கூடாது. நீச்சல் தெரியாத பிள்ளைக்குக் கரைக் காவல் உதவாது, கை நீட்டினால் தொடும் தூரத்தில் தண்ணீரிலேயே ஆள் நிற்கணும். கையில் மாட்டும் காற்றுப் பையை நம்பி விடாதீர்கள்.

கடலில் சின்னதுகளுக்கு முழங்கால் தண்ணீரே அதிகம், திரும்பும் அலை காலை வாரிவிடும். தடுப்பணைக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். மேலே பார்க்கத் தண்ணீர் சமமாக இருக்கும், அடியில் மணல் அள்ளிய பள்ளம் எங்கே என்று ஊர்க்காரருக்கே தெரியாது. 2022 ஜூனில் நெல்லிக்குப்பம் பக்கம் கெடிலத்துத் தடுப்பணையில் ஒரே நாளில் 7 பேர் போனார்கள், எல்லாம் பெண்களும் சிறுமிகளும்.

ஒருவர் மூழ்கினால் நீச்சல் தெரியாதவர் குதிக்கவே கூடாது. கயிறு, சேலை, மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேன், எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். யாராவது 108-ஐ அழைக்கட்டும்.

தூக்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் நம் ஊர்ப் பழக்கம். இரண்டும் வீண், நேரம்தான் போகும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். அப்புறமும் அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்ட பிள்ளைக்கும் இருமல் நிற்காமலோ, மூச்சு வாங்கினாலோ, அசந்து அசந்து தூங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.